மிடாஸ் குன்றில் பொன் இல்லை

(பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



 நோயினாலும் முதுமையினாலும் ஆலயத்திற்கு வர இயலாமல் வானொலிக்கு அருகில் அமர்ந்திருப்பவர்களையும், சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து இப்போதுதான் வீடு திரும்பியிருக்கும் தோல் ஷாப் தொழிலாளர்களையும் சிறப்பாக நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைய இரண்டாம் வாசகம், புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய திருமுகத்திலிருந்து எடுக்கப்பட்டது. பவுலின் திருமுகங்களிலேயே மிகச் சிறியது இதுதான். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஞாயிறு திருப்பலியில் இது நம் காதில் விழுகிறது. விழுந்த வேகத்திலேயே மறந்தும் போகிறது. யார் இந்தப் பிலமோன்? எந்த ஊர்க்காரர்?

அவர் கொலோசை நகரத்தவர். கொலோசை இருந்த நாட்டின் பெயர் பிரிகியா. இந்தப் பெயரை நீங்கள் ஆண்டுதோறும் கேட்கிறீர்கள். தூய ஆவியார் பெருவிழாவில் முதல் வாசகம் வாசிக்க வருபவர் பார்த்தர், மேதியர் என்று தொடங்கி, பிரிகியா, பம்பிலியா என்னும் இடம் வரும்போது கொஞ்சம் திணறுவார். நாமும் இவையெல்லாம் ஏதோ தூரத்து ஊர்ப் பெயர்கள் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பிரிகியர்கள் ஒரு காலத்தில் மன்னனும் கோட்டையும் எழுத்தும் இசையும் கொண்டு வாழ்ந்த மக்கள். அவர்களுடைய கதையைத் தெரிந்துகொண்டால், இன்றைய வாசகத்தில் பவுல் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். ஆகவே இன்று சற்றுப் பொறுமையாக அந்த நாட்டிற்குள் போய் வருவோம்.

மாட்டுவண்டியில் வந்த மன்னன்

இன்றைய துருக்கி நாட்டின் நடுவிலும் மேற்கிலும் உள்ள மேட்டுநிலம்தான் பழைய பிரிகியா. ஆடு மேய்ச்சலுக்கும் கோதுமைக்கும் பார்லிக்கும் ஏற்ற நிலம். இந்த மக்கள் ஐரோப்பாவின் பால்கன் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள் என்று கிரேக்கர்கள் சொன்னார்கள். அவர்களுடைய தலைநகர் கோர்டியோன். அது இன்றைய தலைநகர் அங்காராவுக்குத் தென்மேற்கில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

அந்த நகரத்தின் பெயருக்குக் காரணமான கோர்டியாஸ் ஒரு ஏழை உழவன் என்பது பழங்கதை. மன்னன் இல்லாமல் தவித்த மக்களுக்கு, வண்டியில் வருகிறவனே உங்கள் மன்னன் என்று குறி சொல்லப்பட்டதாம். அந்த நேரம் பார்த்து மாட்டுவண்டியில் ஊருக்குள் வந்தவனை அரசனாக்கிவிட்டார்கள். அவன் தன் வண்டியைக் கோவிலில் காணிக்கையாக வைத்தான். அதன் நுகத்தடியில் போட்டிருந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. கி.மு. 333இல் அங்கே வந்த மாவீரன் அலெக்சாண்டர் அதை வாளால் வெட்டினான் என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

கோர்டியாஸின் மகன்தான் மிடாஸ். தான் தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் வாங்கியவன். வரம் பலித்தது. கதவும் தூணும் பொன்னாயின. கையில் எடுத்த ரொட்டியும் பொன்னானது. குடிக்க எடுத்த தண்ணீரும் தொண்டைக்குள் போகாமல் உறைந்தது. பசி தாங்காமல் அலறியவனை, பாக்டோலஸ் ஆற்றில் போய்க் குளி என்று அனுப்பினார்கள். ஆற்றில் வரம் கரைந்து போனது. இது கதை. ஆனால் மிடாஸ் என்றொரு மன்னன் உண்மையிலேயே இருந்தான். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரியாவை ஆண்ட இரண்டாம் சார்கோனின் கல்வெட்டுகளில் 'முஸ்கி நாட்டு மித்தா' என்று ஓர் அரசன் வருகிறான். அவனே மிடாஸ் என்பது வரலாற்று அறிஞர்களின் முடிவு.

குன்றுக்குள் கிடைத்தவை

கோர்டியோனைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட மண்மேடுகள் இருக்கின்றன. எல்லாம் கல்லறைகள். அவற்றில் மிகப் பெரியதை 'மிடாஸ் குன்று' என்று அழைக்கிறார்கள். உயரம் 53 மீட்டர். ஒரு பதினைந்து மாடிக் கட்டடத்தை மண்ணால் மூடியதுபோல இருக்கும். 1957இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராட்னி யங் என்ற தொல்லியலாளர் தலைமையில் அதைக் குடைந்து உள்ளே போனார்கள். நடுவில் பைன் மரத்தாலும் ஜூனிபர் கட்டைகளாலும் கட்டிய ஓர் அறை, கூரையோடு அப்படியே நின்றது. உள்ளே, சாயம் தோய்த்த துணிகளின் மேல், அறுபது வயது கடந்த ஒரு மன்னரின் எலும்புகள். மரக்கட்டைகளைக் கொண்டு காலத்தைக் கணித்தபோது ஏறத்தாழ கி.மு. 740 என்று வந்தது. ஆகவே அவர் மிடாஸ் அல்ல, மிடாசுக்கு முந்தியவர், அநேகமாக அவருடைய தந்தை என்று இப்போது கருதுகிறார்கள்.

சரி, உள்ளே எவ்வளவு பொன் இருந்தது? ஒரு குன்றிமணிகூட இல்லை. பொன்னுக்குப் பெயர் போன அரச குடும்பத்தின் கல்லறையில் பொன்னே இல்லை.

இருந்தவை என்ன? ஒன்பது மர மேசைகள். நூற்றுக்கும் மேற்பட்ட வெண்கலப் பாத்திரங்கள். மூன்று பெரிய அண்டாக்கள். குடிக்கும் கிண்ணங்கள். வெண்கலக் குமிழ் பதித்த தோல் இடைக்கச்சைகள். தோல் வேலை செய்யும் நம் மக்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலை அந்த அரசர்கள் மறுவுலகத்திற்கும் எடுத்துச் சென்றார்கள். பாத்திரங்களின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். பருப்போடு சேர்த்து மசாலா போட்டுச் சமைத்த ஆட்டுக்கறி. திராட்சை இரசமும் பார்லி மதுவும் தேன் மதுவும் கலந்த பானம். மன்னரை அடக்கம் செய்த நாளில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பந்தியின் பாத்திரங்களைத்தான் அவரோடு உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில கிண்ணங்களின் மேல் தேன்மெழுகு தடவி, அதில் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவோம் அல்லவா? கல்யாணச் சீர் என்றால் பெயரும் தேதியும் கட்டாயம் இருக்கும். அதே பழக்கம்தான். இது இன்னாருடைய கிண்ணம், இவருக்கு இந்தப் பந்தியில் இடம் உண்டு என்பதற்கு அது சாட்சி. 2700 ஆண்டுகள் கழித்து, பொன் இல்லை. பந்தி மிஞ்சியிருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர்களின் பெயர் மிஞ்சியிருக்கிறது.

ரொட்டியும் ஊசியும்

பிரிகியர்களின் மொழியிலிருந்து கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு சொல்லைக் குறித்துவைத்திருக்கிறார். எகிப்து மன்னன் ஒருவன், உலகின் முதல் மொழி எது என்று அறிய, இரண்டு குழந்தைகளை யாரும் பேசாத குடிசையில் வளர்க்கச் செய்தானாம். அவை முதன்முதலாகச் சொன்ன சொல் 'பெகோஸ்'. விசாரித்தால் அது பிரிகிய மொழியில் ரொட்டி. ஆகவே பிரிகியரே மூத்த குடி என்று எகிப்தியர் ஒப்புக்கொண்டார்களாம். கதை எப்படியோ போகட்டும். ஒரு மக்களின் பெயரைச் சொன்னதும் உலகத்திற்கு நினைவுக்கு வந்த சொல் ரொட்டி என்பது அழகாக இல்லையா?

அவர்கள் மலைப்பாறைகளில் கோவில் முகப்புகளைச் செதுக்கி, 'மாத்தர்', அதாவது தாய், என்ற பெயரில் ஒரு தெய்வத்தை வழிபட்டார்கள். குழல் இசையில் பேர்பெற்றிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி வேலையில் கெட்டிக்காரர்கள். இலத்தீன் மொழியில் துணியில் பூவேலை செய்பவருக்குப் பெயரே 'பிரிகியோ' என்பதுதான். எங்கள் குருக்களின் திருப்பலி உடையில் முன்னும் பின்னும் பொன் இழையில் ஒரு பட்டை தைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். இலத்தீனில் அதற்கு 'பிரிகியப் பொன்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. ஆக, பிரிகியாவின் பொன் என்று இன்று பீடத்தில் மிஞ்சியிருப்பது, யாரோ தையல்காரர்களின் விரல் வேலைக்கு வைத்த பெயர். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்கக் குனிந்து அப்பர் தைக்கும் நம் சகோதரிகளை நினைக்கும்போது, எனக்கு அந்தப் பட்டையின் மேல் தனி மதிப்பு வருகிறது.

மன்னன் பெயர் அடிமைக்கு

இவ்வளவு சிறப்பாக இருந்த மக்களுக்கு என்ன ஆயிற்று? கி.மு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கிலிருந்து கிம்மேரியர் என்ற குதிரைப் படையினர் புகுந்து நாட்டைச் சூறையாடினார்கள். மிடாஸின் ஆட்சி முடிந்தது. பிறகு லிதியர், பாரசீகர், கிரேக்கர், கடைசியில் உரோமையர் என்று ஆள்பவர்கள் மாறினார்கள். பிரிகியர் தங்கள் மண்ணில் மறுபடியும் தலைநிமிரவே இல்லை.

தலைநிமிராத மக்களை உலகம் என்ன செய்யும்? விலைக்கு வாங்கும். இறைவாக்கினர் எசேக்கியேல் நூல் 27ஆம் அதிகாரத்தில், தீர் நகரத்தின் சந்தைக்கு யார் யார் என்னென்ன கொண்டுவந்தார்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் மெசேக்கு என்ற இனத்தார் இரண்டு சரக்குகளோடு வருகிறார்கள்: மனிதர்களும் வெண்கலப் பாத்திரங்களும். அசீரியர் சொன்ன முஸ்கியும் விவிலியம் சொல்லும் மெசேக்கும் ஒன்றே என்பது அறிஞர் பலரின் கருத்து. பந்தியில் வைத்த பாத்திரமும் சரக்கு. பந்தியில் உட்கார்ந்த மனிதனும் சரக்கு.

கிரேக்க நகரங்களில் பிரிகியர் என்றாலே அடிமை என்ற எண்ணம் வேரூன்றியது. ஸ்டிராபோ என்ற புவியியல் அறிஞர் ஒரு செய்தி தருகிறார். ஏதென்ஸ் மக்கள் அடிமையை வாங்கினால் அவன் நாட்டில் வழங்கும் ஒரு பெயரால் கூப்பிடுவார்களாம். பிரிகியா நாட்டு அடிமைக்கு என்ன பெயர் தெரியுமா? மிடாஸ்! மன்னனின் பெயர், தண்ணீர் சுமக்கும் அடிமையைக் கூப்பிடும் பெயராகிவிட்டது. உரோமையில் சிசரோ என்ற பேச்சாளர், அடித்தால்தான் பிரிகியன் திருந்துவான் என்ற பொருளில் ஒரு பழமொழி புழங்கியதை நீதிமன்றத்திலேயே எடுத்துச் சொல்கிறார்.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வருகிறதா? நம் தமிழ் மண்ணிலும் ஒரு மக்களின் பெயரை எடுத்து வசைச்சொல்லாக்கினார்கள். அது கடல் கடந்து ஆங்கில அகராதியிலும் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளோடு ஏறி உட்கார்ந்திருக்கிறது. பறை அடித்த கை, தோல் பதனிட்ட கை, உழுத கை, இவை எல்லாம் கேவலம் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் யாரோ. கேட்டு நம்பியவர்கள் நாம்.

பிலமோன் வீட்டுப் பந்தி

இப்போது இன்றைய வாசகத்திற்கு வருவோம். பிரிகியாவின் தெற்கு ஓரத்தில் இலைக்கு ஆற்றின் பள்ளத்தாக்கில் மூன்று ஊர்கள் அருகருகே இருந்தன. கொலோசை, இலவோதிக்கேயா, எராப்பொலி. அங்கே நற்செய்தியை விதைத்தவர் எப்பப்பிரா. கொலோசையில் கொஞ்சம் வசதியான வீடு பிலமோனுடையது. அவர் வீட்டில்தான் திருச்சபை கூடியது. அதாவது, அவருடைய வீட்டு மேசையில்தான் அப்பம் பிடப்பட்டது.

அந்த வீட்டில் ஒனேசிம் என்ற அடிமை இருந்தான். பெயரின் பொருள் 'பயனுள்ளவன்'. அடிமைக்கு வைக்கும் பெயர்தான். ஓர் ஏர், ஓர் எருது போல, பயன்பட்டால் போதும். அவன் எஜமானரை விட்டு வந்து, சிறையில் இருந்த பவுலிடம் சேர்ந்து, திருமுழுக்குப் பெற்றான். ஓடிப்போன அடிமை பிடிபட்டால் நெற்றியில் சூடு போடவும் அந்தக் காலத்துச் சட்டம் இடம் கொடுத்தது. அப்படிப்பட்டவன் கையில் பவுல் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார்.

பவுல் என்ன கேட்கிறார்? மன்னித்துவிடும் என்று கேட்டிருந்தாலே பெரிது. அதைத் தாண்டிப் போகிறார். இனி அவனை அடிமையாக அல்ல, அன்பார்ந்த சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் என்கிறார். என்னை எப்படி வரவேற்பீரோ அப்படி அவனை வரவேற்கும் என்கிறார். அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்கிறார். தங்க எனக்கும் ஓர் இடம் தயார் செய்யும், நான் வருகிறேன் என்று முடிக்கும் பகுதியில் சொல்கிறார். நேரில் வந்து பார்ப்பேன் என்று மென்மையாகச் சொல்லும் முறை அது.

பவுலை எப்படி வரவேற்பார் பிலமோன்? வாசலில் நிறுத்துவாரா? பின்கட்டில் தட்டு வைப்பாரா? நடு வீட்டில், தனக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார். அங்கேதான் ஒனேசிமும் உட்கார வேண்டும். அடுத்த ஞாயிறு அப்பம் பிடும்போது, பந்தி பரிமாறியவனுக்குப் பந்தியில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். மற்ற எஜமானர்கள் பேசுவார்கள்.

பவுல் அடிமை முறையையே ஒழிக்கச் சொல்லியிருக்கலாமே என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சட்டம் மாறப் பல நூறு ஆண்டுகள் ஆயின. கிறிஸ்தவர்களே அடிமைகளை வைத்திருந்த வெட்கக்கேடும் நம் வரலாற்றில் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் மாறும்வரை பவுல் காத்திருக்கவில்லை. ஒரு வீட்டின் மேசையில் தொடங்கினார். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவனை மறுநாள் சந்தையில் விற்பது கடினம்.

பிரிகியா மண்ணில் பிலமோன் என்ற பெயரோடு வேறொரு கதையும் உண்டு. உரோமைக் கவிஞர் ஓவித் எழுதியிருக்கிறார். தேவர்கள் இருவர் வழிப்போக்கர் வேடத்தில் வந்து வீடு வீடாகக் கதவைத் தட்ட, எல்லாரும் விரட்டிவிடுகிறார்கள். பிலமோன் என்ற ஏழைக் கிழவரும் அவர் மனைவி பவுசிசும் மட்டும் உள்ளே அழைக்கிறார்கள். மேசையின் ஒரு கால் குட்டை. அந்த அம்மா உடைந்த பானை ஓடு ஒன்றை அடியில் கொடுத்து மேசையைச் சமன் செய்து, இருப்பதைப் பரிமாறுகிறார். அது வேற்றுச் சமயத்தாரின் கதைதான். ஆனால் தட்டுகிறவருக்குக் கதவைத் திறப்பது நல்லது என்று அந்த மண்ணுக்கு முன்பே தெரிந்திருந்தது. கொலோசைப் பிலமோனும் இப்போது மேசையைச் சமன் செய்ய வேண்டியிருந்தது.

சுண்ணாம்புத் தொட்டியின் வாடை

என் பழைய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் திருவிழா விருந்து. பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. முதல் பந்திக்கு எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் கையில் தூக்குச் சட்டியோடு சமையல் பந்தலுக்குப் பின்னால் நின்றார். தோல் ஷாப்பில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். உள்ளே வாங்க ஐயா என்றேன்.

"வேணாம் சாமி. சுண்ணாம்புத் தொட்டியில வேலை. எவ்ளோ சோப்பு போட்டாலும் கையில வாடை போகாது. நான் பக்கத்துல குந்துனா அவங்களுக்குச் சோறு எறங்காது. வூட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சாப்ட்டுக்கறேன்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிங்க ஐயா" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய், நன்கொடையாளர்களுக்காகப் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன். அன்று காலையில் அதே கைகளில்தான் நற்கருணையைக் கொடுத்திருந்தேன். ஆண்டவருக்கு அந்த வாடை பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் பந்திக்குத்தான் தெரிந்தது.

மனம் கேட்காமல் அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார்கள். டம்ளரில் அவருடைய பெயர் வெட்டியிருந்தது. அவர் வீட்டில் எனக்கு அவருடைய டம்ளரே கிடைத்தது. என் பந்தியில் அவருக்கு ஓர் இலை கிடைக்கவில்லை. மிடாஸ் குன்றின் கிண்ணங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டம்ளர்தான் கண் முன்னே வருகிறது.

தோல் பதனிடுகிறவர்களை ஒதுக்குவது நம் ஊரில் மட்டும் இருந்த பழக்கம் அல்ல. தோல் பதனிடும் இடம் ஊருக்கு வெளியே 50 முழம் தள்ளி இருக்க வேண்டும் என்று யூதர்களின் விதி இருந்தது. ஆனால் திருத்தூதர் பணிகள் நூலில், பேதுரு யோப்பா நகரில் யார் வீட்டில் பல நாள் தங்கினார்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். கடலோரத்து வீடு. அந்த வீட்டு மாடியில் இருந்தபோதுதான், தூய்மையானது தீட்டானது என்று மனிதர்களைப் பிரிக்காதே என்பதை ஆண்டவர் பேதுருவுக்கு உணர்த்தினார். பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உட்காரத் திருச்சபை கற்றுக்கொண்ட பாடம், ஒரு தோல் தொழிலாளியின் வீட்டில் தொடங்கியது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்பா டேனரியில் வேலை செய்கிறார் என்று பள்ளியில் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்லுங்கள்.

கதவுக்கு வெளியே நிற்பவர்

கொலோசைக்குப் பக்கத்து ஊரான இலவோதிக்கேயாவுக்குத் திருவெளிப்பாடு நூலில் ஒரு கடிதம் இருக்கிறது. அது பணக்கார ஊர். கறுப்புக் கம்பளிக்குப் பெயர் பெற்றது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, பேரரசின் உதவி இல்லாமலே தன் சொந்தப் பணத்தில் எழுந்து நின்றது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்ட அந்தச் சபையைப் பார்த்து ஆண்டவர், நீங்கள் ஏழைகள், என்னிடம் பொன் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். அடுத்து, நான் கதவருகில் நின்று தட்டுகிறேன், திறந்தால் உள்ளே வந்து உங்களோடு உணவருந்துவேன் என்கிறார். கவனியுங்கள். அது கோவில் வைத்திருக்கும் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதம். பந்தி உள்ளே நடக்கிறது. ஆண்டவர் வெளியே நிற்கிறார். தூக்குச் சட்டியோடு சமையல் பந்தலுக்குப் பின்னால் நின்ற பெரியவரைப் போல.

அந்தப் பிரிகியா திறந்ததா? பாடுபட்டுத் திறந்தது. அதற்கு ஒரு கல் சாட்சி சொல்கிறது. 2ஆம் நூற்றாண்டில் பிரிகியாவில் ஆயராக இருந்த அபெர்சியுஸ், தன் கல்லறைக்குத் தானே ஒரு வாசகம் எழுதி வைத்தார். 1883இல் அதன் துண்டுகளை வில்லியம் ராம்சே என்ற ஆய்வாளர் கண்டெடுத்தார். இன்று அவை வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உரோமை வரைக்கும், கிழக்கே யூப்பிரத்தீசு ஆற்றுக்கு அப்பாலும் பயணம் செய்ததை அதில் சொல்கிறார். போன இடமெல்லாம் நம்பிக்கை தன்னை வழிநடத்தி, நண்பர்களோடு அப்பமும் இரசமும் பகிரச் செய்தது என்று சொல்கிறார். ஒரு பிரிகியர் தன் வாழ்நாளைத் திரும்பிப் பார்த்துக் கல்லில் வெட்டிய செய்தி இது. பொன்னைப் பற்றி அல்ல, பந்தியைப் பற்றி.

ஒனேசிம்? அந்தக் கடிதத்தைப் பிலமோன் கிழித்துப் போட்டிருந்தால் இன்று நாம் வாசித்திருக்க மாட்டோம். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கு நகர் ஆயர் புனித இஞ்ஞாசியார் எபேசு சபைக்கு எழுதும்போது, அங்கே ஒனேசிம் என்ற ஆயர் இருப்பதாகக் குறிப்பிடுகிறார். பழைய அடிமையே இந்த ஆயர் என்பது திருச்சபையின் பழம் மரபு.

அன்பார்ந்தவர்களே, உங்கள் பங்கிலும் திருவிழா வரும். கல்யாணம் வரும், கருமாதி வரும். முதல் பந்தி யாருக்கு என்று இப்போதே யோசித்துவையுங்கள். நன்கொடையாளருக்குத் தனி மேசை வேண்டாம். குருக்களுக்கும் வேண்டாம். கைவாடைக்குப் பயந்து பின்னால் நிற்பவரைத் தேடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அவரை உட்காரவைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

உங்களில் சூப்பர்வைசர்கள் இருக்கிறீர்கள். ஒப்பந்தக்காரர்கள், முதலாளிகள் இருக்கிறீர்கள். நீங்கள்தான் இன்றைய பிலமோன்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டான் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதனை விடாமல் பிடித்துவைத்திருந்தால், அந்தக் கடனைத் தன் கணக்கில் எழுதச் சொல்லிப் பவுல் உங்களுக்கும் எழுதுகிறார். ஒனேசிம்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்குச் சட்டியைக் கீழே வையுங்கள். உள்ளே வாருங்கள். அது உங்கள் ஆண்டவரின் பந்தி. கூச்சப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்ல, எங்களைப் போன்றவர்கள்தான்.

ஆண்டவரே, தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்ற ஆசையிலிருந்து எங்களை விடுவியும். எங்கள் கை தொடும் ரொட்டி ரொட்டியாகவே இருந்து பலருடைய பசியை ஆற்றட்டும். உமது பந்தியில் பெயர் பொறிக்கப்பட்ட ஒருவரையும் எங்கள் பந்தியில் நாங்கள் ஒதுக்காதிருக்க வரம் தாரும். ஆமென்.